பயணி பழுது

எங்கள் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அக்காவைக் கட்டிக்கொண்ட நாள்முதல் எங்கள் குடும்பத்தில் எது மக்கர் செய்தாலும் அவரிடம்தான் போகும். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான். "கரன்ட் வருதான்னு பார்ப்போம்." ஒருமுறை அறுந்துபோன என் செருப்பைக் காட்டினேன். அதற்கும் வாய்தவறி அதையே சொன்னார். மச்சினி என்ற உரிமையில் இதை நான் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆள் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. பழுது கண்டுபிடிப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. "புகார் சொன்னவங்க எங்க நின்னாங்களோ அங்க நிக்கணும், எப்படி நின்னாங்களோ அப்படி நிக்கணும். அப்பதான் மெஷின் வாயைத் திறக்கும்" என்பார். ஓர் அலுவலகத்தில் ஒரு அம்மாள் ஏறினால் மட்டும் லிஃப்ட் கதவு மூடாது. அத்தான் அந்த அம்மாளின் கைப்பையைத் தோளில் மாட்டி, அவருடைய குடையைக் கையில் பிடித்து, அவர் நிற்கும் மூலையிலேயே போய் நின்றார். குடையின் நுனி கதவோரத்துச் சென்சாரை மறைப்பது உடனே தெரிந்துவிட்டது. பையும் குடையுமாக அவர் நின்ற கோலத்தை அங்கே யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அத்தான் அதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எங்கள் எல்லாருக்கும் காட்டினார்.

இப்படி மெஷின்மேல் குறையில்லை, ஏறிய ஆள்மேல்தான் குறை என்று தெரிந்தால் அதற்கு மெக்கானிக்குகள் தங்களுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பயணி பழுது. அத்தான் அந்த வார்த்தையை வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை, வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அலாரம் அடித்தும் மகள் எழுந்திருக்காவிட்டால் பயணி பழுது. நான் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே திருதிருவென்று நின்றால் பயணி பழுது. அவரே அப்படிச் செய்தால் மட்டும் பூட்டு சரியில்லை.

அக்கா கல்யாணத்துக்கு முன்பு ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். மகள் பிறந்ததும் விட்டாள், பிறகு போக வாய்க்கவில்லை. போன வருஷம் மகளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். அந்தச் சமயத்தில்தான், கோர்ட் விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டிலிருந்தபடியே டைப் செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கோ பார்த்து அக்கா விண்ணப்பம் போட்டுவிட்டாள். நான் ஒரு மாடி கீழேதான் குடியிருக்கிறேன், என்னிடம்கூட மூச்சு விடவில்லை. "எதுக்குக்கா திடீர்னு?" என்று கேட்டேன். "காலையில அவரும் போயிடறார். அதுக்கப்புறம் இந்த வீட்ல என்னை யாரும் கூப்பிடறதே இல்லைடி. எங்கேயாவது ஒரு இடத்துல எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கணும்" என்றாள். அவள் தனக்கென்று எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

மகள் விட்டுப்போன பழைய லேப்டாப்பில், அந்த வேலைக்கான டைப் தேர்வுக்குப் பழக ஆரம்பித்தாள். அதோடு அவளுக்குத் தூக்கமும் போயிற்று. அத்தான் ரயில் நிலைய வாசலில் ஒரு காந்த வளையல் வாங்கிவந்து அக்காவின் இடது கையில் மாட்டிவிட்டார். ரத்த ஓட்டம் சீராகித் தூக்கம் வருமாம். மாட்டிவிட்ட மறுநாளிலிருந்து தினமும் காலையில் விசாரிப்பு வேறு. "தூக்கம் வந்துச்சா?" "வந்துச்சுங்க." அத்தான் முகத்தில் அப்போது பார்க்க வேண்டுமே, தூக்கத்தையே அவர்தான் தயாரித்ததுபோல் இருக்கும்.

தூங்கத் தொடங்கியது என்னவோ லேப்டாப்தான். அக்கா டைப் செய்துகொண்டே இருப்பாள். குரல் சரியாகக் கேட்கவில்லை என்று கொஞ்சம் நிறுத்திக் காது கொடுப்பாள். திரை இருண்டுவிடும். "ஐயோ" என்று கையைத் தூக்கினால் விழித்துக்கொள்ளும்.

"என்னங்க, இது என்னை ரொம்பப் படுத்துது" என்றாள் அத்தானிடம்.

"படுத்துதா, படுத்துடுச்சா? சரியா சொல்லு. ரெண்டும் வேற வேற பழுது."

"முதல்ல படுத்துடுது. அதனால என்னைப் படுத்துது. போதுமா?"

அத்தான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, லிஃப்ட் வாசலில் தொங்கவிடும் 'வேலை நடக்கிறது' அட்டையை மேஜைமேல் நிறுத்திவைத்துவிட்டு உட்கார்ந்தார். கரன்ட் வந்தது. சார்ஜரை மாற்றிப் பார்த்தார். லேப்டாப்பின் அமைப்புகளுக்குள் போய், எங்கெல்லாம் இத்தனை நிமிஷத்தில் தூங்கு என்று இருந்ததோ அங்கெல்லாம் 'ஒருபோதும் தூங்காதே' என்று மாற்றினார். மூடியை மூடினால் தூங்கு என்று ஒரு வரி இருந்தது. அது நியாயம்தானே என்று அதை மட்டும் விட்டுவைத்தார். எழுந்து கைதட்டித் தூசி உதறினார். அக்கா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அது தூங்கிவிட்டது.

இந்த லட்சணத்தில் தேர்வு நாளும் வந்தது. காமிராவுக்கு முன்னால் உட்கார வேண்டும், மைக் திறந்திருக்க வேண்டும், அறையில் வேறு ஈ காக்கை இருக்கக்கூடாது. எதிர்முனையில் ஒரு மேற்பார்வையாளர் அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பார். திரை அணைந்தால் தேர்வும் அணைந்தது. அன்றைக்குப் பாதியில் லேப்டாப் தூங்கியேவிட்டது. அக்கா போனில் கெஞ்சியதில் அந்த அம்மாள் மனமிரங்கி இன்னொரு தேதி தந்தார். அதுதான் கடைசி, அப்புறம் கேட்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அத்தான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு ஓடினார். கடைக்காரர் சில நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். "சார், இது எங்க கடையில தூங்கவே இல்லை. இதைப் பார்த்துக்கிட்டு உக்காந்து நாங்கதான் தூங்கிட்டோம்."

கடைசியில் அத்தான் தன் பிரம்மாஸ்திரத்தை எடுத்தார். அன்று நான் மேலே போனபோது, அக்காவின் நாற்காலியில், அக்காவின் திண்டைப் போட்டு, அக்காவின் சால்வையைப் போர்த்தி, அக்காவின் மூக்குக்கண்ணாடியை நுனிமூக்கில் மாட்டிக்கொண்டு ஓர் உருவம் இரண்டு விரலால் டைப் செய்துகொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் நின்று வாக்கியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வளையல் ஒண்ணுதான் பாக்கி அத்தான்" என்றேன்.

"இதுல நீ மூக்கை நுழைக்காதே தாயே" என்றார் திரும்பாமல்.

வெகுநேரம் டைப் செய்தார். லேப்டாப் கொட்டக்கொட்ட விழித்திருந்தது. அத்தான் கண்ணாடியைக் கழற்றினார், சால்வையை மடித்தார். ஒரு பெரிய கட்டடத்தின் லிஃப்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற தோரணையில் சொன்னார். "மெஷின் சுத்தம். பயணி பழுது."

அவர் அதை யோசித்துச் சொல்லவில்லை. பழக்கதோஷம். ஆனால் அக்காவின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது.

"சரிங்க" என்றாள். "நான்தான் பழுது. இத்தனை வருஷம் கழிச்சு ஆசைப்பட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும். தேர்வுக்கு வரலைன்னு எழுதிப் போட்டுடறேன்."

"ஏம்மா, நான் அப்படிச் சொல்லலை..."

"வேற எப்படிச் சொன்னீங்க?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். 'மதிப்பிற்குரிய' என்று அடித்துவிட்டு, மேலே எப்படி எழுதுவது என்று மணிக்கட்டுகளை லேப்டாப்பின் விளிம்பில் வைத்து யோசித்தாள். திரை இருண்டது.

"பாருங்க! வேண்டாம்னு சொல்லக்கூட விடமாட்டேங்குது!" அக்காவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. கையை உதறி எழுந்தாள். திரை வெளிச்சமானது. வளையலை உருவினாள். "இது வேற! இதைப் போட்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள் தூங்கியிருப்பேனா நான்?" என்று சொல்லி அதை லேப்டாப்மேலேயே விட்டெறிந்தாள். வளையல் உருண்டு இடது ஓரத்தில் விழுந்து கிடந்தது. திரை பட்டென்று அணைந்தது.

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். நான் போய் வளையலை எடுத்தேன். லேப்டாப் விழித்தது. வைத்தேன். தூங்கியது. எடுத்தேன், வைத்தேன். அக்கா என் கையிலிருந்து பிடுங்கி அவளும் எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"மூடியில ஒரு காந்தம் இருக்கும்" என்றார் அத்தான், குரல் எழும்பாமல். "அது கிட்ட வந்தா, மூடிட்டாங்கன்னு நினைச்சுத் தூங்கப் போயிடும். இவ கையை வைக்கறப்பெல்லாம்..."

"அத்தான், லிஃப்ட்டுக்கு எந்த மாடி வந்திருக்குன்னு எது சொல்லும்?" என்று கேட்டேன். இதை அவர் எங்களுக்குக் காது புளிக்கப் புளிக்கச் சொல்லியிருக்கிறார்.

"காந்தம்" என்று முனகினார். முகத்தில் ஈயாடவில்லை. அக்காவின் கண்ணாடியிலிருந்து திண்டுவரை எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்த மனிதர், தான் ஆசையாக வாங்கித் தந்ததை மட்டும் சந்தேகப்படவே இல்லை.

நான் விடவில்லை. "அப்ப இதுக்கு என்ன பேரு? பயணி பழுதா?"

"மெக்கானிக் பழுது" என்றார். அப்புறம் அக்காவைப் பார்த்து, "நான் சொன்னது தப்பும்மா. ரொம்பத் தப்பு" என்றார். வளையலை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "தினமும் தூக்கம் வந்துச்சுன்னுதானே சொன்னே?" என்று கேட்டார்.

"நீங்க அவ்வளவு ஆசையா வந்து கேப்பீங்க. எப்படிங்க இல்லைன்னு சொல்றது?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு ஜென்மத்துக்கும் வாய்க்காது. ஆனாலும் இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

கடைசித் தேர்வு காலையில். முந்தின ராத்திரி ஓர் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நின்றுபோய், அத்தான் விடியும்வரை அங்கே கிடந்துவிட்டு நேராக வந்திருந்தார். "போய்ப் படுங்க" என்று அக்கா சொன்னதற்கு, "நீ உன் வேலையைப் பாரு. நான் வெளியில இருக்கேன்" என்றார். அக்கா வெறுங்கையோடு உட்கார்ந்தாள். காமிராவைச் சுற்றித் திருப்பி அறை காலி என்று காட்டினாள். நானும் அத்தானும் கதவிடுக்கு வழியாக ஆளுக்கொரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அடித்தாள் பாருங்கள் டைப், கேட்கவே சந்தோஷமாக இருந்தது. நிறுத்திக் காது கொடுத்தாள், கையை வைத்தாள், திரை அசையவில்லை. நான் மூச்சுவிட்டபோது அத்தான் என் தோளை இடித்தார். மேஜைக்கடியில், தொளதொளத்த பிளக் பாயின்டிலிருந்து லேப்டாப்பின் பிளக் மெல்லக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது. பிளக் விழுந்தால் எல்லாம் விழுந்த மாதிரிதான். நான் தடுப்பதற்குள் அத்தான் நான்கு காலில் தவழ்ந்து உள்ளே போய், காமிராவுக்குத் தெரியாமல் மேஜைக்கடியில் நுழைந்து, பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா ஹெட்போன் மாட்டியிருந்ததால் அவளுக்கு எதுவும் தெரியாது.

பத்திரமாக இருக்கிறது என்று எனக்குச் சைகை காட்டினார். அதற்கப்புறம் சைகை வரவில்லை. வந்தது குறட்டை.

அத்தானின் குறட்டை கீழ்மாடியில் எனக்கே கேட்கும். மைக்குக்குக் கேட்காதா? அக்காவின் கைகள் நின்றன. ஹெட்போனில் அந்த அம்மாள் ஏதோ சொல்கிறார். "இல்லைங்க மேடம், யாருமே இல்லை" என்றாள் அக்கா. பிறகு லேப்டாப்பைத் தூக்கி அறையைக் காட்டினாள், கடைசியாக மேஜைக்கடியில் காட்டினாள். காட்டியபோதுதான் அவளே பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் மேடம்" என்றாள் அக்கா. "பிளக் லூஸ். விழுந்துடாம பிடிச்சுக்கிட்டு இருக்கார். இவர் உள்ளே வந்ததே எனக்குத் தெரியாது. ராத்திரியெல்லாம் வேலை, தூங்கிட்டார்."

கிட்டக் காட்டச் சொன்னார் போலிருக்கிறது. அக்கா லேப்டாப்பை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். அந்த அம்மாள் சொன்னதை அவள் என்னிடம் அப்புறம்தான் சொன்னாள். "ஆமா, இவர் உங்களுக்கு எதையும் சொல்லித் தர்ற நிலைமையில இல்லை. நீங்க டைப் பண்ணுங்க. அவரை எழுப்பிடாதீங்க, பிளக்கை விட்டுடப் போறார்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து மீதியையும் அடித்து முடித்தாள். தேறிவிட்டாள், திங்கட்கிழமை காலையில் வேலையில் சேர வேண்டும் என்று அந்த அம்மாள் அப்போதே சொல்லிவிட்டாராம். அவள் ஹெட்போனைக் கழற்றியதும் நானும் உள்ளே ஓடினேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மேஜைக்கடியில் பார்த்தோம். தலை சாய்ந்து வாய் திறந்திருந்தது. கை மட்டும் பிளக்கை விடவில்லை.

அக்கா அவர் தோளைத் தொட்டாள். அத்தான் தூக்கிவாரிப்போட்டு எழுந்து மேஜையில் தலையை இடித்துக்கொண்டார்.

"தூங்கிடுச்சா?"

"இல்லைங்க. கடைசிவரைக்கும் தூங்கலை."

"எப்படித் தூங்கும்? நான்தான் விடாம பிடிச்சுக்கிட்டு இருந்தேனே."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"ஆமாங்க" என்றாள். "விடவே இல்லை நீங்க."