பில்லக்காவின் வெட்டும் ஒட்டும்

"நில்லு, நில்லு, அங்கயே நில்லு" என்று கணினித் திரையை அதட்டிக்கொண்டிருக்கிறார் பில்லக்கா. திரையில் இரண்டு பையன்கள் ஒரு மர பீரோவை மாடிப்படியில் ஏற்றுகிறார்கள். பெரியவன் மேலே நின்று இழுக்கிறான். சின்னவன் கீழே தோள் கொடுக்கிறான். திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொள்ள, இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாய் வாங்கிய வீடியோ கேமராவில் அக்காவே எடுத்த படம். பையன்கள் அவருடைய தம்பிகள். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அப்பாவின் கடையைப் பங்கு பிரித்ததிலிருந்து பேச்சுவார்த்தையும் இல்லை.

அக்கா எங்கள் தெருமுனை டிரை கிளீனிங் கடையில் கவுன்ட்டரில் நிற்பவர். முதலாளியின் மனைவியே வந்தாலும் பில் இல்லாமல் துணி கைக்கு வராது. அதனால்தான் அந்தப் பெயர். வருகிற சட்டையை விளக்கடியில் பிடித்துப் பொத்தான், கறை, கிழிசல் எல்லாம் பார்த்து, காலருக்குள் சீட்டுக் குத்திய பிறகுதான் உள்ளே அனுப்புவார். திருப்பித் தரும்போதும் அதே சோதனை. இப்படிப்பட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் பயமும் உண்டு.

அப்பேர்ப்பட்டவருக்கே ஒருமுறை கை தவறிவிட்டது. பழைய நாடாக்களைக் கணினிக்கு மாற்றி, இலவசச் சோதனைக்கென்று கிடைத்த ஒரு எடிட்டிங் மென்பொருளில் பீரோ காட்சியை அழகாக வெட்டி ஒட்டினார். வேலை செய்யும்போது படம் பளிச்சென்றுதான் இருந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் தெரிந்தது, காசு கட்டாதவர்களின் படத்தில் கம்பெனி தன் முத்திரையைக் குத்திவிடும் என்று. குத்தியதோ சரியாகச் சின்னவர் முகத்தின் மேல். 'அண்ணன் மட்டும் தெரிந்தால் போதும்போல' என்று எழுதிவிட்டு அவர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெக்கலாம்னு பாத்தேன். ஒருத்தன எழுப்பி அனுப்பிட்டேன்" என்றார் அக்கா. அன்று அவர் சாப்பிடவில்லை என்று அவர் மகள் சொன்னாள்.

அதன் பிறகு தொடங்கியது மென்பொருள் வேட்டை. அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவள், கணினி தெரிந்தவள் என்று என்னைக் கேட்டார். நானும் பெரிய இடத்துப் பெயராக ஒன்றைச் சொன்னேன். அது மாதச் சந்தா கேட்டது. "ரெண்டு துண்டு படத்த ஒட்டுறதுக்கு மாசா மாசம் வாடகையா? நான் என்ன அதுலயே குடியிருக்கப் போறேனா?" என்று என்னைத்தான் முறைத்தார்.

பெண் பார்க்கப் போகிறவர்கூட இவ்வளவு குடைந்திருக்க மாட்டார். ஒன்று மலிவுதான், ஆனால் பழைய நாடாப் படத்தைத் திறக்கவே திறக்காது. இன்னொன்று திறக்கும், மகளின் கிழட்டு மடிக்கணினி மூச்சு வாங்கிப் படுத்துவிடும். வேறொன்று தானாகவே தலைப்பும் இதயப் படங்களும் தூவியது. "கல்யாண வீடியோவா இது?" என்று அழித்தார். வந்த எல்லாவற்றுக்கும் பீரோ காட்சிதான் பரீட்சை. சின்னவர் முகம் சுத்தமாக வெளியே வந்தால் பாஸ். பொறுமையில் நான் அவர் கால் தூசுக்கும் பெறமாட்டேன்.

கடைசியில் தேறியது, பார்க்க லட்சணமே இல்லாத ஒரு இலவச மென்பொருள். முத்திரை கிடையாது, மினுக்கு கிடையாது. முடித்த படத்தை இந்த முறை முதலிலிருந்து கடைசிவரை, சட்டையைப் பார்ப்பதுபோல் ஓரம் ஓரமாகப் பார்த்தார். பிறகு இணையத்தில் ஏற்றி, இருவருக்கும் தனித்தனியாக இணைப்பை அனுப்பினார். பெரியவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. தம்பி பேச்சை எடுத்தாலே "வேற வேலை இல்லையா உனக்கு" என்று போனை வைக்கிற மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை நான் அக்கா வீட்டில் இருந்தபோது பெரியவரே கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாத்தேன்" என்றார் பெரியவர். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

"பீரோ மாட்டிக்கிட்டப்ப அவன் என்னமோ சொல்றான்க்கா. அதுக்குத்தான் நான் அப்பிடிச் சிரிக்கறேன். ஒண்ணுமே கேக்கல. அவன் சத்தத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வையேன்."

"சரிடா" என்றார் அக்கா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தார். மடிக்கணினியைத் திறந்து சின்னவர் பேசும் இடத்தில் நிறுத்தினார். ஒலி அளவைக் காட்டும் கோட்டை விரலால் பிடித்து, அது போகிறமட்டும் மேலே தள்ளினார்.