குணசுந்தரியின் முகத்தில் இன்னொருத்தி

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் தன் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண்ணை குணசுந்தரி அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவளோ பழகியவள்போலச் சிரித்தாள்.

“மேடம், நான் பூதிகோட்டை ஷோபா. பதிவுக் கட்டணத்தைப் போன்ல அனுப்ப பயமா இருந்துது, கையிலயே கொண்டாந்துட்டேன். எழுதுற வேலை இன்னிக்கே குடுப்பீங்களா?”

“இன்னா வேலை? யாருன்னு நெனச்சிக்கினு வந்தே?”

ஷோபா போனை நீட்டினாள். குணசுந்தரியின் படம், கீழே ‘மேனேஜர்’ என்றிருந்தது. நம்பிக்கைக்காக அனுப்பியிருந்த ஆதார் அட்டையும் அவளுடையதே. அதிலிருந்த விலாசத்தைப் பார்த்துத்தான் ஷோபா வந்திருக்கிறாள்.

குணசுந்தரி கூச்சக்காரி. ஆன்லைனில் கட்டுரை எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாமே என்று போன வருஷம் விண்ணப்பித்தாள். படமும் ஆதாரும் வாங்கிக்கொண்டவர்கள் பிறகு கட்டணம் கேட்டார்கள். வேலை கொடுக்கிறவன் எதற்குக் காசு கேட்கிறான் என்று விலகிவிட்டாள். தப்பித்துவிட்டதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“அது நான் இல்லம்மா. காசு கட்டாதே.”

“காலைல வீடியோவுல பேசினீங்களே மேடம், இதே மொகத்தோட!”

“என் போட்டோவ வச்சி மொகத்தையே செஞ்சிட்டானுங்களா!”

அப்போது ஷோபாவின் போன் அதிர்ந்தது. குணசுந்தரியின் படத்திலிருந்து செய்தி: ‘ஏன் தாமதம், ஷோபா?’

ஷோபா குணசுந்தரியின் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் ஈரமாவு. திரையில் அந்த முகம் அடுத்த செய்தியை டைப் செய்துகொண்டிருந்தது.

ஷோபா அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு, பணத்தை இறுகப் பிடித்தபடி பஸ்ஸுக்கு ஓடினாள்.

இப்போதெல்லாம் பெங்களூர் ரயிலில் யாராவது இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தால், குணசுந்தரியே முந்திக்கொள்கிறாள்: “அது நான் இல்லீங்க. காசு கட்டாதீங்க.”