கிராப்புத் தலையும் கடலோரச் சாலையும்

விடிந்தும் விடியாத வேளையில் எண்ணூர் விரைவுச் சாலையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும்போது, இந்தச் சாலை நிஜமாகவே இருக்கிறதா என்று சில நாள் எனக்குச் சந்தேகம் வரும். இடது பக்கம் கடல். தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகள் அணைந்திருக்காது. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதால் அந்த விளக்குகள் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்குவது போலத் தெரியும். வலது பக்கம், துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர்களின் வரிசை. எஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கன்டெய்னர்களுக்கும் கரையில் கொட்டிய கருங்கற்களுக்கும் நடுவில் இருக்கும் சந்தில், சத்தமில்லாமல் நான் போய்க்கொண்டிருப்பேன்.

காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனி அலுவலகத்தில் பில் போடுவது என் வேலை. வீடு விம்கோ நகர் பக்கம். பல வருஷம் பஸ்ஸில்தான் போய் வந்தேன். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசைக்காமல் இருந்தால் மாத்திரைதான் என்று டாக்டர் சொன்ன பிறகு, பள்ளிக்கூட நாட்களில் ஓட்டிய ஞாபகத்தை நம்பி ஒரு சைக்கிள் வாங்கினேன். என் கணவர் டிரெய்லர் டிரைவர். மீஞ்சூர் பக்கத்து யார்டுகளில் இருந்து துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு வருவார். சைக்கிள் வந்த மறுநாளே அவர் ஒரு ஹெல்மெட் வாங்கி வந்தார். வெள்ளை நிறம், மேலெல்லாம் நீள நீளமாக ஓட்டை, பின்பக்கம் இறுக்குவதற்கு ஒரு சின்னத் திருகு.

“இத்த மாட்டாம வண்டிய வெளிய எடுக்கக் கூடாது,” என்றார்.

“சைக்கிளுக்கு எவ ஹெல்மெட் போடறா? பாக்கறவங்க சிரிப்பாங்கயா.”

“சிரிச்சிகினு போவட்டும். நான் மேல குந்திகினு ஓட்டறவன், எனக்குத் தெரியும். கண்ணாடில தெரியாத எடம் ஒண்ணு கீது. அங்க நீ வந்தா, நீ இருக்கறதே எனக்குத் தெரியாது.”

அப்போது என் முடி இடுப்புக்குக் கீழே இருந்தது. கொண்டை போட்டால் ஹெல்மெட் நெற்றியைத் தாண்டிப் புருவத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. உச்சியில் தூக்கிக் கட்டினால் தலையில் இறங்கவே இல்லை. கடைசியில் ஒற்றைப் பின்னலாகத் தொங்கவிட்டு, முதுகில் துப்பட்டாவுக்கு அடியில் செருகிக்கொண்டு போனேன். கடற்காற்று அதைத் தினமும் வெளியே இழுத்துப் போட்டது.

ஒருநாள் காலை, சாப்பாட்டுப் பையை கேரியரில் வைத்து ஸ்பிரிங்கை அழுத்தியபோது பின்னல் நுனியும் அதற்குள் மாட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. திருவொற்றியூர் தாண்டியதும் பின்னால் லாரிச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கப் பார்த்தேன். தலை திரும்பவில்லை. யாரோ முடியைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. சைக்கிள் கோணலாகப் போய், ஓரத்து மணலில் விழுந்தேன். லாரி தள்ளி நின்றது. டிரைவர் ஓடி வந்து தூக்கினார். உள்ளங்கை மட்டும் தேய்ந்திருந்தது. ஆனால் மணலில் கிடந்த அந்தக் கொஞ்ச நேரம், சைக்கிளோடு என் தலை கட்டப்பட்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. எழுந்திருக்க முடியாமல், பின்னலை விடுவிக்கக் கையைப் பின்னால் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கணவர் என் கையைக் கழுவி மருந்து போட்டார். பிறகு, “வெட்டிடுமே,” என்றார். “முடி போனா வளரும்.”

சொல்லிவிட்டு டீ கிளாசைக் கழுவப் போனவர், கிளாஸ் கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

தண்டையார்பேட்டையில் ஒரு பார்லரில் வெட்டிக்கொண்டேன். அந்தப் பெண் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டு, “நல்லா ரோசிச்சியாக்கா?” என்று இரண்டு தடவை கேட்டாள். வெட்டிய பின்னலின் இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போட்டு, நோயாளிகளுக்கு விக் செய்கிறவர்கள் வந்து வாங்கிப் போவார்கள், கொடுக்கலாமா என்றாள். கொடுத்துவிட்டேன். தெருவில் இறங்கியபோது தலை எனக்குச் சொந்தமில்லாதது போல இருந்தது. காற்று பிடரியைத் தொட்டது. அந்த இடத்தைக் காற்று தொட்டு நான் அறிந்ததே இல்லை.

மறுநாள் ஹெல்மெட் அளவெடுத்த மாதிரி தலையில் இறங்கியது. சைக்கிள் வேகம் எடுத்ததும் ஓட்டைகள் வழியாகக் காற்று நுழைந்து மண்டைத் தோலில் ஊர்ந்தது. காலி பாட்டில் வாயில் ஊதுவது போல மெல்லிய ஓசை ஒன்று காதுக்கு மேலே கேட்டுக்கொண்டே வந்தது. வேலைக்குப் போகிறேன் என்பதே மறந்து, காசிமேடு திருப்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன்.

அந்தச் சொகுசெல்லாம் ஹெல்மெட்டைக் கழற்றும் வரைதான். முன்முடி வியர்வையில் நனைந்து நெற்றியில் பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது. ஓட்டைகள் இருந்த இடத்தில் முடி வரிசை வரிசையாகத் தூக்கி நின்றது. மற்ற இடமெல்லாம் தட்டையாகப் படிந்திருந்தது. ஐஸ் கூடைகளை எண்ணி அனுப்பும் அக்கா என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினாள்.

“இன்னா தங்கச்சி, தலைல யார்னா ஏர் ஓட்டிட்டாங்களா?”

சிரிக்காமல்தான் கேட்டாள். அப்புறம் இருவருமே சிரித்துவிட்டோம்.

அடங்கட்டும் என்று அடுத்த நாள் எண்ணெய் தடவிப் போனேன். எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து கண்ணுக்குள் இறங்கி, பாதி வழியில் நிறுத்திக் கண்ணைத் துடைக்க வேண்டியதாயிற்று. கிளிப் மாட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் அதை மண்டையில் அழுத்தி வலித்தது. இந்தக் கஷ்டம் நீள முடியில் எனக்கு இருந்ததில்லை. நீள முடியைக் கட்டி வைத்தால் கட்டின இடத்தில் கிடக்கும். குட்டை முடி சொன்னபடி கேட்காது.

ஒரு காலையில் வெக்கை தாங்காமல், வெளியே அடுக்கியிருந்த ஐஸ் பாரில் இருந்து சொட்டிய தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டேன். குளிர் உச்சியில் இருந்து முதுகு வரை இறங்கியது. விரல்களால் முடியைக் கோதினேன். தூக்கி நின்றதெல்லாம் மெதுவாகப் படுத்தது, தட்டையாக இருந்தது எழுந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஐஸ் பார்களில் இருந்து வெண்புகை எழும்பிக் காலைச் சுற்றி நகரும். அதற்குள் நின்று கண்ணை மூடி முடியைக் கோதும்போது, மீன் வாடையும் படகு எஞ்சின்களின் சத்தமும் எங்கோ தொலைவில் இருப்பது போல இருக்கும். அக்கா கூடை எண்ணுவதை நிறுத்தாமலே, “இன்னும் பின்னால ஒண்ணு தூக்கினு கீது,” என்பாள்.

வெயில் ஏறிய மாதம் ஒன்றில்தான் அது நடந்தது. கை கறுக்காமல் இருக்கக் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை சுடிதாருக்கு மேலே போட்டுக்கொண்டு போனேன். டிரெய்லர் வரிசை அன்று நீளம். சந்து குறுகலாக இருந்தது. ஒரு வண்டியை ஒட்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலேயிருந்து குரல் வந்தது.

“டேய் தம்பி, இந்தக் கேப்புல எதுக்குடா நொழையற? ஓரமா போ.”

அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துச் சொல்லிவிட்டு ஏற்கெனவே முன்பக்கம் திரும்பியிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஏனோ கூப்பிடவில்லை. ஓரமாகவே மிதித்துப் போனேன்.

எங்கள் மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் அளவு வருஷங்கள் கூடவே இருந்த மனிதருக்கு என்னைத் தெரியவில்லை. வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாருக்கும் மனைவி இல்லாத, யாருக்கும் அம்மா இல்லாத ஒரு பையன் கடலோரமாக எங்கோ போய்க்கொண்டிருக்கிறான், அவனுக்குள் நான் உட்கார்ந்து போகிறேன் என்று தோன்றியது. கப்பல் ஒன்று மெதுவாக முகம் திருப்பிக்கொண்டிருந்தது. அது திரும்பி முடிக்கும் வரை அதோடு போட்டி போடுவது போல மிதித்தேன். மூச்சு வாங்கியது. இன்னும் கொஞ்சம் தூரம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஐஸ் கம்பெனி வாசலில் இறங்கினேன்.

அன்று சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

“இன்னிக்கு ஒரு பையன் வண்டிய ஒட்டிகினு வரான். நல்லவேள, ஹெல்மெட் போட்டுகினு இருந்தான். பின்னால பாத்தா ஒன்ன மாதிரியே கிராப்பு.”

“நான்தான்யா அது.”

அவர் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

“என்னிய ‘டா’ போட்டுக் கூப்ட்ட,” என்றேன்.

சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. “கண்ணாடில நல்லாத்தான தெரிஞ்ச,” என்றார், தனக்குத்தானே. “அப்டி இருந்தும் தெரியலயே.” சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நீதான்னு தெரியணும்மே. தூரத்துலயே தெரியணும்.”

கை கழுவியதும் தன் ஆரஞ்சுக் கட்டம் போட்ட லுங்கியை எடுத்து வந்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த துணி. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பல்லால் ஓரத்தைக் கடித்து ஒரு பாகத்தைக் கிழித்துவிட்டார். முக்கோணமாக மடித்து, என் நெற்றியில் இருந்து பின்னால் கொண்டுபோய் பிடரியில் முடிச்சுப் போட்டார். தொங்கிய நுனிகளை உள்ளே செருகினார். மேலே ஹெல்மெட்டை மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

“இப்ப தெரியும்.”

அவர் அடையாளத்துக்குக் கட்டிய துணி என் தலையையும் சரிசெய்தது. வியர்வை அதில் ஊறிக்கொண்டது. முடி ஓட்டைகளில் நிற்கவில்லை; துணிக்கு அடியில் வாரினபடியே இருந்தது. சில வாரத்தில் அவருடைய சிநேகித டிரைவர்களுக்கும் அந்த ஆரஞ்சு பழகிவிட்டது. யாராவது ஒருவர் ஜன்னலில் இருந்து கையை நீட்டி, போகலாம் என்று சைகை காட்டுவார். சந்து பெரிதாகிவிடவில்லை. நான்தான் என்னைச் சிறியவளாக உணர்வதை விட்டுவிட்டேன்.

முடி கழுத்தைத் தொட்டதும் பார்லர் பெண் கேட்டாள், “வளத்துக்கப் போறியாக்கா?” இல்லை, முன்பு வெட்டிய அளவுக்கே வெட்டு என்றேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வண்டி இல்லை. விடியற்காலையில் எழுந்தவர் தானும் வருகிறேன் என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரை வரை நடந்தோம். கருங்கல் மேல் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுபோன டீயைக் குடித்தோம். அலை கற்களுக்கு அடியில் புகுந்து பெருமூச்சு விட்டது. நான் ஹெல்மெட்டையும் துணியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். காற்று முடியை ஒரு பக்கமாகப் படிய வைத்தது, பிறகு மறுபக்கமாக. அவர் கையை நீட்டி என் பிடரி முடியைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தார். வெட்டிய பிறகு அவர் அதைத் தடவியது அதுதான் முதல் தடவை.

“பூனக்குட்டி மாதிரி கீது,” என்றார்.

கையை எடுக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே தடவிக்கொண்டிருந்தார். வெயில் முகத்தில் ஏறும் வரை நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.