ஷஃபியுல்லாவின் பத்து நிமிஷம்

கச்சேரி சாலையில் தையல் கடை வைத்திருந்த ஷஃபியுல்லாவை மயிலாப்பூரில் பாதிப் பேர் குடிகாரர் என்றார்கள், மீதிப் பேர் சோம்பேறி என்றார்கள். சொன்னவர்கள் நன்றாக இருக்கட்டும்! சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனிதர் அவர். வக்கீல்களுக்குக் கோட்டு தைத்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர்.

தூக்கம்தான் அவரைப் பிடித்த சனியன். ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கியிருந்தாலும் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகிவிடும். கூத்து என்னவென்றால், தூக்கத்திலும் கால் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கும். அப்படித்தான் ஒருநாள் வக்கீல் ஸ்ரீரங்கனின் கறுப்புக் கோட்டில், ஒரு கையின் நுனியை ஓட்டையே இல்லாமல் சேர்த்துத் தைத்துவிட்டார். கோர்ட்டுக்குக் கிளம்பிய வக்கீல் கையை நுழைத்தால், அது வெளியே வந்தால்தானே!

"ஏன் ஓய், எனக்கு ஒரு கைதான்னு நெனச்சுண்டீரா?" என்று கடைவாசலில் நின்று கத்தினார் அவர்.

ஷஃபியுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அடுத்த தொல்லை. முழங்கால் மடங்கித் துணி மூட்டை மாதிரி தரையில் சரிந்தார். பதறிப்போன வக்கீல் கோபத்தை மறந்து, தனக்குத் தெரிந்த டாக்டரிடம் அவரை ரிக்‌ஷாவில் கூட்டிப்போனார்.

"விழுந்து கிடக்கறச்சே மத்தவா பேசறது காதுல விழறதா?" என்று கேட்டார் டாக்டர்.

"எல்லாம் கேக்குது டாக்டர். பதில் சொல்லத்தான் வாய் வரமாட்டேங்குது."

"அப்போ இது வலிப்பு இல்லை, பேயும் இல்லை. தூக்க வியாதி. சிரிப்போ சந்தோஷமோ பொங்கினா உடம்பு துவண்டு விழறதும் அதனாலதான். முழுசாத் தீர்க்க மருந்து கிடையாது. முக்கியமான வேலைக்கு முன்னாடி பத்து நிமிஷம் தூங்கிடும். கொஞ்ச நேரம் தெளிவா இருப்பீர்."

அன்றிலிருந்து கத்திரியை எடுக்குமுன் பத்து நிமிஷம் தூங்குவார். கோட்டுகளுக்கு இரண்டு கையும் ஒழுங்காக அமைந்தன. ஊர் மட்டும் சோம்பேறி என்பதை விடவில்லை.

1946-இல் மகள் அன்வரிக்குத் திருவல்லிக்கேணியில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் முறைப்படி நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பனே, "என் மகளை உமக்கு மணமுடித்துத் தந்தேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் விரும்பினால் அந்தப் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். தம்பி அப்துல் வஹீத் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, சபையில நீ பொத்துனு வுயுந்தா மானம் பூடும். பேசாம என்கிட்ட குட்த்துடு."

"பெத்து வளத்தது நான்டா. அந்த ஒரு வார்த்தய சொல்லக்கூட எனக்கு வக்கில்லியா?" என்றார் ஷஃபியுல்லா.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தாயிற்று. பெண்ணின் தகப்பனைக் காணோம். தேடிப்போன வஹீத், சமையல் பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறையில் அண்ணன் பாய்ச்சுருளில் சாய்ந்து குறட்டை விடுவதைப் பார்த்தார். கதவை மறித்து அண்ணி ஜமீலுன்னிசா நின்றாள்.

"இன்னா அண்ணி இது! அவங்கல்லாம் வந்து குந்திக்கினு கீறாங்க, எழுப்புங்க!"

"இன்னும் நாலு நிமிஷம் கீது. வாசப்படிய தாண்டுனே, அப்புறம் தெரியும் சேதி!"

நாலு நிமிஷத்தில் அவரே எழுந்தார். முகம் கழுவிக்கொண்டு சபையில் மாப்பிள்ளைக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். காஜியார் கேட்டதும், சொல்ல வேண்டியதை ஒரு சொல்கூடப் பிசகாமல் கணீரென்று சொன்னார்.

"ஏற்றுக்கொண்டேன்" என்றான் மாப்பிள்ளை.

அவ்வளவுதான், ஷஃபியுல்லாவுக்கு நெஞ்சு பொங்கிவிட்டது. கழுத்து துவண்டு, மாப்பிள்ளையின் மடியிலேயே தலை போய் விழுந்தது.

சபை பதறி எழுந்தது. "குட்ச்சிட்டா வந்துகிறாரு?" என்று சம்பந்தி கேட்டது அவர் காதில் தெளிவாக விழுந்தது. இல்லை என்று சொல்ல நாக்கு அசையவில்லை. பாவி உடம்பே, இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா!

தலைகுனிந்து உட்கார்ந்திருக்க வேண்டிய கல்யாணப் பெண்ணின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது.

"வாப்பா குடிக்கல, தூங்கவும் இல்ல. அவருக்கு ரொம்ப சந்தோசம் வந்தா இப்படித்தான். நாம பேசுறதெல்லாம் கேட்டுக்கினுதான் கீறாரு."

வஹீத் அண்ணனைத் தூக்கக் குனிந்தார். மாப்பிள்ளை கையால் தடுத்தான். "வுடுங்க மாமா. அவரா எந்திரிக்கிற வரைக்கும் இங்கியே இருக்கட்டும்."

ஷஃபியுல்லாவுக்கு விரல்கூட அசையவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்து, மாப்பிள்ளைக்கு அவரே தைத்துக்கொடுத்த ஷெர்வானியை நனைத்தது.