ஏழு மணிப் பூசையின் முதல் நான்கு நிமிடம்

எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிப் பூசை முடிந்ததும் ஒலிப்பதிவின் முதல் நான்கு நிமிடத்தை வெட்டிவிடுவேன். சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்ப்பது, பெஞ்சு நகரும் சத்தம், வெளியே வண்டி நிறுத்துகிறவர்களின் பேச்சு, பிறகு அன்றைய பூசை யார் யாருக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று உபதேசியார் படிக்கும் பெயர்ப் பட்டியல். பெரும்பாலும் இறந்தவர்களின் பெயர்கள். அவ்வளவுதான் அந்த நான்கு நிமிடத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வருகைப் பாடல். என் பதிவு அந்தப் பாடலில் தொடங்கி, பிரசங்கம், மீதிப் பாட்டுகள், கடைசி ஆசீர்வாதம் என்று நாற்பது நிமிடத்தில் முடியும்.

பூசை வைக்கும் சாமியார் கேட்டுக்கொண்டதால் செய்த வேலை இது. புதுச்சேரியில் ஒரு நாளிதழில் பதினெட்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். எதை வெட்டினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று முடிவெடுப்பதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். கோயிலின் பின்கதவை ஒட்டி ஆம்ப்ளிஃபயர் மேசை இருக்கிறது. அங்கே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பதிவு செய்வேன். பத்து மணிக்குள் எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களின் கைபேசிக் குழுவுக்குப் போய்விடும். படுக்கையில் இருப்பவர்களும் ஞாயிறன்று டூட்டி பார்ப்பவர்களும் கேட்பார்கள். பிரான்சில் குடியேறிவிட்ட எங்கள் ஊர்க் குடும்பங்களும் கேட்கும். "பேரெல்லாம் எங்களுக்கு எதுக்கு? பாட்டும் பிரசங்கமும் போதும்" என்று அங்கிருந்து ஒருவர் எழுதியிருந்தார். எனக்கும் அது சரியென்று பட்டது. வெட்டியதை அனுப்பிய கையோடு முழுப் பதிவை அழித்துவிடுவேன். என் கைபேசியில் இடம் கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அடுத்த தெரு அத்தை போன் செய்து வரச் சொன்னார். உறவு கிடையாது, கூப்பிட்டுப் பழகிய முறை. நடவு, களையெடுப்பு என்று நாற்பது வருடம் கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் போய் வயல் வேலை பார்த்தவர். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். கணவர் மூலக்குளத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. ஞாயிறு காலை ஆறு மணிக்கே கிளம்பியாக வேண்டும். ஒரே மகன். முந்தின வருடம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். இருபத்தாறு வயது.

அப்போதிருந்த சாமியார் அவன் உடலைக் கோயிலுக்குள் கொண்டுவர விடவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் சின்னதாக ஒரு செபம் சொல்லிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார். வாசலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

"இன்னா பாப்பா, கூப்ட்டாத்தான் வருவியா?" என்றார் அத்தை. கைபேசி தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. "வாராவாரம் கேக்கறேன். அந்தப் பாட்டு டீச்சரு மட்டும் எல்லாரையும் வுட்டுட்டு மேல மேல போறாளே, நீ ஒண்ணும் சொல்றதில்லியா?"

"சொன்னா என்னையே பாடச் சொல்லுவாங்க அத்தை."

"அதுக்கு அவளே தேவல."

சிரித்தார். சிரித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மூணு வாரத்துக்கு முன்ன அவன் செத்து வருசம் திரும்புச்சி. பூசையில பேரு படிக்கச் சொல்லி உபதேசியாருகிட்ட சீட்டு குடுத்தனுப்பினேன். பேரெல்லாம் இப்ப எந்த எடத்துல படிக்கறாங்களோன்னு நீ அனுப்புனத மூணு வாட்டி போட்டுக் கேட்டேன். பேரு வரல. இந்தச் சாமியாரும் படிக்க மாட்டேன்னுட்டாரா?"

மூன்று வாரமாக அவர் அதை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

"நான் வெட்டிட்டேன் அத்தை. அவன் பேரு மட்டும் இல்ல, எல்லாரு பேரையும் வெட்டிடுவேன்."

"வெட்டுனத எடுத்துப் போடு."

"அழிச்சிட்டேன்."

"சரி. நீ அங்கதான உக்காந்திருந்த. காதுல வேற மாட்டிக்கினு இருந்திருப்ப. படிச்சாங்களா இல்லியா?"

ஹெட்ஃபோனில் நான் கவனிப்பது சத்தத்தின் அளவை. இரைச்சல் வருகிறதா, குரல் உடைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன சொல்கிறார்கள் என்பது மனதில் தங்காது. வெட்டப்போகும் பகுதி என்றால் கேட்கவே கேட்காது. ஆமாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "விசாரிச்சிச் சொல்றேன் அத்தை" என்றேன்.

உபதேசியார் கோயில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டி நிரம்பக் காத்திருந்தார். "சீட்டு வந்துது, நெனப்பிருக்குது. சாமிகிட்ட குடுத்தேன். சாமி எழுதிக் குடுக்கறத அப்படியே படிக்கறேன். அதுல இருந்தா படிச்சிருப்பேன்."

"இருந்துச்சா?"

"அத்தினி பேருல எத நெனப்பு வெச்சிக்கறது, சொல்லு."

சாமியார் எங்கள் பங்குக்கு வந்து அப்போது நான்கு மாதம்தான். "நான் யாரையும் தள்ளுறதில்லம்மா. சீட்டு கொடுத்திருந்தா எழுதியிருப்பேன்" என்றார். அன்று எழுதிய தாள் இருக்கிறதா என்று கேட்டேன். "அதையெல்லாம் யார் வச்சிருக்காங்க?" என்று வருத்தமாகவே சொன்னார். அவர்கள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேருக்குமே அந்த ஞாயிறு மற்ற ஞாயிறுகளைப் போன்றது.

கடைசியாகப் பாட்டு டீச்சரைக் கேட்டேன். முன்வரிசையில் உட்காருகிறவர். எதிர்க்கேள்விதான் வந்தது. "அந்தப் பையன் பேரா? படிச்சிருந்தா நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு இருந்திருக்க மாட்டமா?"

பின்கதவிலிருந்து எனக்கு எல்லோருடைய தலைகளும் தெரியும். அந்த ஞாயிறு அப்படி ஒரு சலசலப்பு இருந்ததாக எனக்கு நினைவில்லை. விசாரித்ததில் தேறிய ஒரே தகவல் அதுதான். அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்குப் பதிலாகச் சாமியாரிடம் போய், வரும் ஞாயிறு பூசைக்கு அவன் பெயரைக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன். ஐந்தாவது பெயர். உபதேசியார் அவன் பெயரை அவனுடைய அப்பா பெயரோடு சேர்த்து, மற்றவற்றைப் படிக்கும் அதே வேகத்தில் படித்துவிட்டு ஆறாவதுக்குப் போனார். முன்பக்கம் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. ஒன்றையும் வெட்டவில்லை. குழுவில் போடுவதற்கு முன்னால் நானே கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அத்தையின் கணவர் டூட்டி முடிந்து வரும்வரை காத்திருந்தேன்.

நாலு மணி இருக்கும். அவர் காவலாளிச் சட்டையைக்கூட மாற்றாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பதிவைப் போட்டேன். மைக் தட்டும் சத்தம், பெஞ்சு சத்தம். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு பெயருக்கும் உதடு லேசாக அசைந்தது. மகனின் பெயர் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இது இன்னிக்கிது" என்றார்.

"ஆமா அத்தை."

"நீ போய்ச் சொன்னியா?"

கைபேசியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"நீ சொன்ன, படிச்சாங்க. பெத்தவ நான் சீட்டு குடுத்தனே, அன்னிக்கி?"

ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். அப்போது அவர் கணவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "படிச்சாங்கடி. நான் கேட்டேன்."

"நீயா? நீ எங்க கோயிலுக்கு வந்த?"

"டூட்டிக்கிப் போற வழியில நின்னு கேட்டுட்டுத்தான் போனேன். லேட்டாயி சூப்பர்வைசரு கத்துனான்."

"அதச் சொல்றதுக்கு ஒரு மாசமா? வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்த?"

"நீ கேக்கலியே."

அத்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ கதவாண்டதான உக்காந்திருப்ப. இந்த மனுசன் வந்தாரா?"

தாமதமாக வருகிறவர்களை நான் தவறவிடுவதில்லை. பின்கதவு கிறீச்சிடும் சத்தம் பதிவில் விழும் என்பதால் யார் வந்தாலும் திரும்பி முறைப்பேன். அத்தை சீட்டு கொடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

"வந்தாரு அத்தை."

"இன்னா போட்டிருந்தாரு?"

அவர் கணவரின் கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றியது.

"டூட்டி சட்டைதான். உள்ள வரல. கதவாண்ட நின்னுட்டுப் போயிட்டாரு."

அத்தை அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அவரைப் பார்த்தார். நம்பினாரா என்று அந்த முகத்திலிருந்து என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் சொல்ல முடியாது. "சரி" என்றார். பிறகு, "அத ஆஃப் பண்ணிடு, பாப்பா. கொஞ்சம் படுக்கறேன்" என்றார். ஏற்கெனவே நின்றிருந்த கைபேசியை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன்.

அவர் கணவர் என்னோடு தெருமுனை வரைக்கும் வந்தார். எங்கள் ஊரில் வந்தவர்களை அப்படி யாரும் கொண்டுவந்து விடுவதில்லை. மின்கம்பத்துக்கு அருகில் நின்று, வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா," என்றார், "நெஜமா அன்னிக்கிப் படிச்சாங்களா?"

"தெரியல மாமா."

தலையை ஆட்டினார். சட்டைப் பையில் எதையோ தேடுவதுபோலக் கையை விட்டு, ஒன்றும் எடுக்காமல் வெளியே எடுத்தார். "அவளுக்கு அஞ்சு மணிக்கி மாத்திர குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.