படுக்க வைத்தவளே எழுப்பினாள்

சங்கராபுரத்துக்குப் பக்கத்து ஊரில் கொளஞ்சியம்மாள் வாழ்க்கைப்பட்டு ஏழு வருஷம் ஆகியும் வயிற்றில் ஒரு புழு பூச்சி தங்கவில்லை. சேலத்து லேடி டாக்டர் கருமுட்டை வளர மாத்திரையும், அது வெடிக்க ஊசியும் கொடுத்துவந்தார். "ஊசிக்கு அப்புறமும் எப்பவும்போல நடங்க, வேலை பாருங்க. எடை ஏறவிடாதீங்க. ரொம்ப பளு மட்டும் தூக்க வேணாம்" என்று தெளிவாகத்தான் சொன்னார்.

மாமியார் தைலம்மாள் காதில் அது எங்கே ஏறும்? நடந்தால் கரு இறங்கிப்போய்விடும் என்று அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். கட்டிலின் கால்மாட்டில் செங்கல்லை முட்டுக் கொடுத்து உயர்த்தி, மருமகளை மல்லாத்திப் படுக்க வைத்தாள். ஒதுங்கப் போகக்கூட துணைக்கு ஆள். சோறும் நெய்யும் படுக்கைக்கே வந்தன. நடவில் எல்லோருக்கும் முன்னால் வரப்பேறுகிற பொம்பளை கொளஞ்சி. புருஷன் வீரமுத்துவிடம் முறையிட்டால், "அம்மா நல்லதுக்குத்தான சொல்லுது, கம்முனு கெட" என்பான். மாதங்கள் போயின. எடை ஏறியது, தீட்டும் தவறாமல் வந்தது. கொளஞ்சிக்குப் பொங்கிய கோபத்தில் பாதி அவள்மேலேயே திரும்பியது. படு என்றதும் படுத்தாளே, அந்தக் கோபம்.

எண்பத்தேழு புரட்டாசியில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வெடித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். பஸ் நின்றது. மரம் வெட்டப் போன வீரமுத்து, போலீசுக்குப் பயந்து கல்வராயன் மலைக்கு ஏறிவிட்டான். ஊர் ஆம்பளைகளில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். கூலியாட்களும் பயத்தில் வாசலைத் தாண்டவில்லை. ஊருக்கு வெளியே கொல்லைக்காட்டில் செடியிலிருந்து ஆய்ந்து குவித்த நிலக்கடலை, அவர்கள் வாயில் மல்லாட்டை, அப்படியே கிடக்க, மேற்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

பஸ் நிற்பதற்கு முன்னால் கொளஞ்சி சேலம் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தைலம்மாள் கட்டிலருகே வந்து நின்றாள்.

"ஏந்திரு. கூடைய எடுத்துக்கினு வா."

"நடந்தா எறங்கிப் போயிடும்னு நீங்கதான சொன்னீங்க, அத்த?"

"ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது. மானத்தப் பாத்தியா, சீக்கிரம் வா."

படுத்தே கிடந்த உடம்பு, எழுந்ததும் தலை சுற்றியது. போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மாமியார் சொல்லைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. டாக்டர் சொன்ன நடையைத் தடுத்தவள், டாக்டர் வேண்டாம் என்ற சுமையைத் தலையில் ஏற்றிவிட்டாள். என்ன அநியாயம் இது. பொழுது சாய்கிறவரை கொல்லையிலிருந்து வீட்டுக்குக் கூடை கூடையாகக் கொளஞ்சி சுமந்தாள். கடைசிக் கூடை உள்ளே வந்தபிறகுதான் தூறல் விழுந்தது.

அந்த மாதமும் தீட்டு வந்தது. எதனால் என்று டாக்டரே சொல்லியிருக்க முடியாது. தைலம்மாளுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "ஒரு எடத்துல கெடக்காம ஆடிக்கினு திரிஞ்சா இன்னாத்த நிக்கும்?" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கலவரம் அடங்கி வீரமுத்து மலையிலிருந்து இறங்கி வந்தான். தெருமுனையிலேயே சேதி காதுக்கு எட்டிவிட்டது. வந்ததும் வராததுமாகப் பொண்டாட்டியிடம் பாய்ந்தான்.

"ஒன்ன யாருடி கொல்லைக்குப் போவச் சொன்னது?"

கொளஞ்சிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "ஒங்கம்மாவக் கேளுங்க. கட்டில்ல கெடந்தவள எழுப்பிக் கூடையக் குடுத்தது யாருன்னு கேளுங்க."

அவன் அம்மா பக்கம் திரும்பினான். "நீயா கூப்ட்ட?"

தைலம்மாள் பதிலுக்குத் தடுமாறவே இல்லை. "மல்லாட்ட நனைஞ்சிடும் இல்ல?"

வீரமுத்து உள்ளே குவித்திருந்த மல்லாட்டையை எட்டிப் பார்த்தான். பிறகு கேட்டான்: "ஒண்ணும் நனையலையே?"

கொளஞ்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக மாமியார் முன்னால் குரலை உயர்த்தினாள்.

"அடுத்த ஊசி போட்டுக்கினு வந்து நான் தெனம் ஏரிக்கர வரைக்கும் நடப்பேன். மல்லாட்டய நீங்க ரெண்டு பேரும் சொமங்க."