சுற்றுலாப் பயணியாகப் போகவிருந்த சமையல்காரர்

பேகம்பூரில் எங்கள் தெருவாருக்குப் படிவங்களை நிரப்பித் தருவது கல்லூரியில் இலக்கியம் பயிலும் என் பொறுப்பு. மலேசியாவில் பிரியாணி மாஸ்டர் வேலைக்குப் புறப்பட்ட என் அண்ணனுக்கும் நுழைவுப் படிவத்தை நானே நிரப்பினேன். பயண நோக்கம் 'சுற்றுலா' என்று எழுதச் சொன்னார், அவனை அனுப்பும் ஏஜென்ட். "போன பெறகு வேலை பெர்மிட் எடுத்துக்கலாம்மா" என்றார். நானும் எழுதிவிட்டேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்த ஏஜென்ட், பெட்டியில் அண்ணனின் நீண்ட பிரியாணிக் கரண்டியைக் கண்டு பதறினார். "ஊர் சுத்திப் பாக்கப் போறவன் கரண்டியோடயா போவான்? வெளிய எடுத்து வைப்பா."

அண்ணன் சிரித்தான். நான் எழுதியது பொய் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதேபோல் சுற்றுலா என்று எழுதிப் போய் மலேசியாவில் சமைக்கும் பெரியப்பா மகனை அலைபேசியில் அழைத்தேன். "பெர்மிட் இன்னும் கெடைக்கல. பெர்மிட் உள்ளவனுக்குக் குடுக்குறதுல பாதிதான் எனக்குச் சம்பளம். வாயத் தொறந்தா போலீஸ்ல சொல்லிருவேங்குறாரு மொதலாளி. எங்களக் காட்டியே பெர்மிட் உள்ளவங்க சம்பளத்தையும் கொறைச்சுட்டாரு. அவன அனுப்பாத புள்ள" என்றார்.

"அம்புட்டுப் பேரும் இப்படித்தான் போறாங்க" என்று, நான் தடுத்ததும் அண்ணன் சீறினான். அலைபேசியை அவனிடம் நீட்டினேன். பெரியப்பா மகன் சொன்னதையெல்லாம் கேட்டவன், பயணத்தை நிறுத்தினான்.

இப்போது வெளிநாட்டு வேலைக்குப் படிவம் கொண்டுவருபவரிடம் வேலை ஒப்பந்தத்தையும் பெர்மிட்டையும் கேட்டு, வரிவரியாகப் படித்த பிறகே எழுதுகிறேன். "நீ என்ன கலெக்டரா?" என்று சிலர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். அந்தக் காகிதங்கள் வரும்வரை நான் ஓர் எழுத்தும் எழுதுவதில்லை.